71 வயது அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு: வருகிற அழைப்புகளில் எதை நம்புவது, எந்தப் பாலிசியை எடுப்பது?

கேட்டவர்: மஸ்கட் மார்த்தாண்டத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. அப்பா மார்த்தாண்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலசரக்குக் கடை நடத்திவிட்டு, முழங்கால் வலி தாங்காமல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கடையை வாடகைக்கு விட்டுவிட்டார். 2019இல் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, வேறு பெரிய தொந்தரவு இல்லை. நான் பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருவரையும் சேர்த்திருந்தேன். வேலையை விட்டு ஓமனுக்கு வந்தபோது அந்தக் காப்பீடும் போயிற்று. இன்று இருவருக்கும் கையில் எதுவும் இல்லை.

சென்ற மாதம் பிரீமியத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஓர் இணையப் பக்கத்தில் அப்பாவின் வயதையும் அவருடைய கைபேசி எண்ணையும் கொடுத்தேன். என் எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் புத்தி அப்போது வரவில்லை. அன்று மாலை முதல் நாளொன்றுக்கு எட்டு, பத்து அழைப்புகள் வரத் தொடங்கின. அவர்களில் ஒருவர், தாம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் சென்னை அலுவலக அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, அப்பா பல ஆண்டுகளுக்கு முன்பு கட்டாமல் விட்ட ஆயுள் காப்பீட்டில் 1,86,000 ரூபாய் போனஸ் தேங்கிக் கிடப்பதாகவும், 48,500 ரூபாய் கட்டி மூத்தோர் மருத்துவப் பாலிசி ஒன்றை எடுத்தால் அந்தத் தொகை பத்தே நாளில் கணக்கில் ஏறிவிடும் என்றும் கூறியிருக்கிறார். அப்பா அப்படி ஒரு பாலிசியைப் பாதியில் விட்டது உண்மை என்பதால் அவர் நம்பிவிட்டார். பேசியவரின் தமிழும் வெளியூர்த் தமிழ் அல்லவாம். மலையாள வாடை கலந்த நம் பக்கத்துப் பேச்சாம். அம்மா குறுக்கே வந்து, மகனிடம் கேட்காமல் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று போனை வாங்கி வைத்துவிட்டதால் பணம் தப்பியது. அன்றிலிருந்து அப்பா அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது வேறு கதை.

ஸ்டென்ட் வைத்த 71 வயதுக்காரருக்குப் பாலிசி கிடைக்குமா, கிடைத்தால் எவற்றைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது என் முதல் கேள்வி. உண்மையான நிறுவனத்திலிருந்தும் அழைப்பு வரத்தானே செய்யும், அதை ஏமாற்று அழைப்பிலிருந்து வீட்டிலிருக்கும் வயதானவர்கள் எப்படிப் பிரித்து அறிவார்கள் என்பது இரண்டாவது. விவரம் அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.


பதில்: கோட்டாறு அண்ணாச்சி

தம்பி, நான் பொதுக் காப்பீட்டுத் துறையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எந்த நிறுவனத்துக்கும் முகவர் இல்லை என்பதால் மனத்தில் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அழைப்பு. ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, யாருடைய முதிர்வுத் தொகையையும் பிடித்து வைத்துக்கொண்டு விடுவிப்பதும் இல்லை. ஆணையமே இதைப் பல ஆண்டுகளாகப் பொது அறிவிப்பாக வெளியிட்டு வருகிறது. ஆகவே ஆணையத்திலிருந்து பேசுகிறோம் என்று ஒருவர் பாலிசி விற்கத் தொடங்கினால், மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டியதில்லை. பழைய பாலிசியின் விவரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா கேட்பார். அப்பாவின் வயதுக்காரர்களில் பாதியில் கட்டாமல் விட்ட பாலிசி ஒன்றாவது இல்லாதவரைக் காண்பது அரிது. குத்துமதிப்பாகச் சொன்னாலே பத்துப் பேரில் ஆறு பேர் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள். மீதி விவரத்தை அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மெய்யாகவே பணம் வர வேண்டியிருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், பழைய பத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போனால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது பாலிசி. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில், 65 வயது என்று முன்பு இருந்த கோடு எடுக்கப்பட்டுவிட்டது. எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். "இந்த மாதக் கடைசிக்குப் பிறகு உங்கள் வயதுக்குப் பாலிசி கிடைக்காது" என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் வயதைக் காரணம் காட்டாமல் உடல்நிலையைப் பார்த்து ஒரு நிறுவனம் மறுக்கலாம், பிரீமியத்தைக் கூட்டிக் கேட்கலாம். ஒருவர் மறுத்தால் இன்னொருவரிடம் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் முதலாமவர் மறுத்ததை அடுத்த விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம், முன்பு நான்கு ஆண்டுகள் வரை இருந்தது. இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். சில நிறுவனங்கள் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு இதைக் குறைக்கின்றன. அப்பாவுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 25 லட்சம் காப்பீட்டுத் தொகை உள்ள பாலிசியை எடுத்துவிட்டு, இதயத்துக்காக மூன்று ஆண்டுகள் ஒரு ரூபாயும் கிடைக்காமல் இருப்பதைவிட, 10 லட்சத்துக்கு எடுத்து ஓராண்டில் இதயமும் உள்ளே வருவது அவருக்கு நல்லது. முழங்கால் மூட்டு மாற்று, கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்குத் தனியே ஒரு காத்திருப்பு உண்டு. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது என்பதும் எல்லாப் பாலிசிகளிலும் உள்ளது.

அடுத்தது அறை வாடகை வரம்பு. என் பணிக்காலத்தில் குடும்பங்கள் அதிகம் கண்ணீர் விட்டது இந்த ஒரு வரியால்தான் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். 5 லட்ச ரூபாய் பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு ஒரு விழுக்காடு, அதாவது 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவை 7,500 ரூபாய் அறையில் நான்கு நாள் வைக்கிறீர்கள். அறைக்கு 30,000, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, செவிலியர் எல்லாம் சேர்த்து 1,20,000, மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் கருவி ஆகியவற்றுக்கு 90,000; ஆக மொத்தம் 2,40,000. அறைக்கு 20,000தான் தருவார்கள். அதோடு விட மாட்டார்கள். தகுதிக்கு மேற்பட்ட அறையை எடுத்ததால் அந்த 1,20,000த்தையும் அதே விகிதத்தில் வெட்டி 80,000 ஆக்குவார்கள். மருந்து, கருவி, பரிசோதனை ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது என்பது விதி. அவை முழுதாக நிற்கும். ஆக ஏற்கப்படுவது 1,90,000. இதன் மேல் மூத்தோர் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் 20 விழுக்காடு இணைச் செலுத்தலை, அதாவது ஏற்கப்பட்ட தொகையில் நாமே ஏற்க வேண்டிய பங்கை, கழித்தால் கையில் வருவது 1,52,000. உங்கள் பையிலிருந்து போவது 88,000. நாளொன்றுக்கு 2,500 ரூபாய் கூடுதலான அறைக்காக, நான்கு நாளில் 10,000 ரூபாய்தானே அதிகம் என்று நினைத்துச் செய்தது அது.

ஆகவே அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசி, அல்லது தனியறை எதுவானாலும் ஏற்கும் பாலிசி கிடைத்தால் அதை எடுங்கள். இணைச் செலுத்தல் இல்லாதது 71 வயதில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பிரீமியம் கூடுதலாக இருக்கும். 10 விழுக்காட்டில் ஒன்று அமைந்தாலே நல்லது என்பேன். ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுவான பாலிசியைப் பல நிறுவனங்கள் ஒரே மாதிரியான விதிகளோடு விற்கின்றன. அதில் இணைச் செலுத்தல் 5 விழுக்காடுதான். ஆனால் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய் என்று நிற்கும். ஆசாரிப்பள்ளம், குழித்துறை அரசு மருத்துவமனைகளை விட்டுவிட்டுத் தனியாரிடம் போகும்போது, நாகர்கோவிலில் இது போதுமானதாகவும் திருவனந்தபுரத்தில் போதாததாகவும் இருக்கும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இதயம், நரம்பு என்றால் நாம் மதுரைக்குப் போவதில்லை, திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறோம். களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலம் வேறு என்பது நமக்கு நினைவிலேயே இருப்பதில்லை, பாலிசிக்கு நினைவிருக்கும். சில பாலிசிகள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, குறைந்த பிரீமியம் கட்டிய மண்டலத்துக்காரர் கூடுதல் மண்டலத்தில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கை அவர் தலையில் வைக்கின்றன. விண்ணப்பிக்கும் முன்பே, நீங்கள் போகக்கூடிய நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றுக்கும் திருவனந்தபுரம் மருத்துவமனை ஒன்றுக்கும் போன் செய்து, காப்பீட்டுப் பிரிவில், இந்த நிறுவனத்தின் இந்தப் பாலிசிக்குப் பணமில்லாச் சிகிச்சை (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) தருகிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். நிறுவனத்தின் இணையப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம்.

பிரீமியத்தைப் பற்றி இரண்டு வரி. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 விழுக்காடு இருந்தது. இன்னும் யாராவது ஜி.எஸ்.டி. சேர்த்துக் கணக்குச் சொன்னால் அவரிடம் ஏதோ கோளாறு. 60 வயது கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் நிறுவனம் ஆணையத்தை முன்கூட்டிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

குழுக் காப்பீட்டை விட்டது குறித்து இப்போது சொல்லிப் பயனில்லை. வேலையை விடும்போதே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேட்டிருந்தால், காத்திருந்த ஆண்டுகள் கணக்கில் வந்திருக்கும். இதைப் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.


பதில்: வேளிமலை வாசி

அண்ணாச்சி சொன்ன கணக்கே போதும், காப்பீடு வேண்டாம் என்று முடிவு செய்வதற்கு. 71 வயதில் கட்டும் பிரீமியம், மூன்று ஆண்டுக் காத்திருப்பு, அதன் மேல் இணைச் செலுத்தல் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்தை அப்பா பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வைப்பதே மேல் என்பது என் கருத்து. மூத்த குடிமக்களுக்கு வட்டியும் கூடுதல். என் தந்தைக்கு நான் அப்படித்தான் செய்தேன். ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் மருத்துவமனைக்குப் போனோம், 70,000 ரூபாயில் முடிந்தது.


பதில்: கோட்டாறு அண்ணாச்சி

வேளிமலையாருக்கு அமைந்தது எல்லோருக்கும் அமையும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு பைபாஸ் வரை போனால் அந்த வைப்பு ஒரே வாரத்தில் கரைந்துவிடும், அடுத்த ஆண்டுக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் அவர் சொல்வதில் பாதி சரி. சிறு செலவுகளுக்கு வைப்பும் பெரிய செலவுக்குக் காப்பீடும் என்று இரண்டையும் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. சூப்பர் டாப்-அப் என்று ஒன்று உண்டு. ஓராண்டில் முதல் 5 லட்சம் வரை உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் 15 லட்சமோ 20 லட்சமோ நிறுவனத்தின் பொறுப்பு என்று அதை எடுக்கலாம். முதல் 5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, வைப்புப் பணத்திலிருந்தும் கட்டலாம். பிரீமியம் முழுப் பாலிசியைவிட நன்றாகவே குறையும். வெறும் டாப்-அப் என்பது வேறு. அதில் ஒவ்வொரு முறை அனுமதிக்கும்போதும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் ஆண்டு முழுவதற்குமான செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். விற்பவர்கள் இரண்டையும் ஒன்றுபோலவே பேசுவார்கள், பெயரைப் படித்துப் பாருங்கள். இதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு.


பதில்: குலசேகரம் மருமகள்

காப்பீட்டு விதிகள் எனக்கு அதிகம் தெரியாது. ஏமாற்று அழைப்பைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

என் மாமனாருக்கு 74 வயது. நாற்பது ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவர், ஒரு ரூபாயைக் கூட எண்ணித்தான் கொடுப்பார். அன்று மழை என்பதால் வெட்டு இல்லை. புகைப்புரைத் திண்ணையில் உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் துணி எடுக்கப் போனபோது என்னைக் கையமர்த்திவிட்டு உள்ளே போய் மூக்குக் கண்ணாடியையும் வங்கி அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெரியவர் பேசும்போது குறுக்கே கேட்கக் கூடாது என்று நின்றுவிட்டேன். அவருடைய மருத்துவக் காப்பீடு அன்று இரவோடு ரத்தாகிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய செயலியைத் திறந்து பத்து ரூபாய் கட்டினால் புதுப்பிக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். பத்து ரூபாய் என்பதுதான் தந்திரம். அந்தச் செயலியை நிறுவியதும் அவருடைய குறுஞ்செய்திகள் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விட்டன. மூன்று தவணைகளாக 62,000 ரூபாய் போயிற்று. வங்கிக் குறுஞ்செய்தி ஒன்றைக் கூட அவர் பார்க்கவில்லை, போனில் அவை மறைந்துகொண்டே இருந்தன.

என் கணவரின் தம்பி நாகர்கோவிலிலிருந்து, இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொன்னார். பணம் போய் நாற்பது நிமிடங்கள் ஆகியிருக்கும். கணக்கு எண், தொகை, பரிவர்த்தனை எண், நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். அதன் பிறகு வங்கிக்கும் சொல்லி அட்டையை முடக்கினோம், போனிலிருந்து அந்தச் செயலியை நீக்கினோம், சைபர் குற்றப் பிரிவில் எழுத்து மூலம் புகாரும் கொடுத்தோம். பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளில் ஒன்றில் 41,000 ரூபாய் அப்படியே முடக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அது எங்கள் கைக்கு வருவதற்கு மாதங்கள் ஆயின. மீதி 21,000 ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள், அது போனது போனதுதான். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் எல்லாமே போயிருக்கும் என்று அங்கிருந்த காவலர் சொன்னார்.

மாமனார் ஒரு வாரம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஏன் ஏமாந்தீர்கள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த முறை எங்களிடம் சொல்லாமலே இருந்துவிடுவார் என்று என் மாமியார் எங்களை முன்னதாகவே தடுத்துவிட்டார். மஸ்கட்டில் இருக்கும் தம்பி தம் அப்பாவிடம் பேசும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.


பதில்: தக்கலை இ-சேவைக்காரர்

அரசுத் திட்டங்களை ஒருவரும் சொல்லவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், காப்பீடு ஆண்டுக்கு 5 லட்சம். கடை வாடகையைச் சேர்த்தால் உங்கள் பெற்றோர் அந்த வரம்புக்குள் வருகிறார்களா என்று பாருங்கள். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் அங்கேயே பதிவார்கள். மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எதுவானாலும் 5 லட்ச ரூபாய் வரையிலான காப்பீட்டைத் தொடங்கியது. வயவந்தனா அட்டை என்பது அதுதான். தனியார் பாலிசி வைத்திருப்பவரும் இதைப் பெறலாம். வயது வகையில் அப்பாவுக்குப் பொருந்தும், அம்மாவுக்குப் பொருந்தாது. ஆனால் நீங்கள் போகக்கூடிய மருத்துவமனை அந்த அட்டையை ஏற்கிறதா என்று அதே மையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளாமல், அதை நம்பித் தனியார் பாலிசியைத் தள்ளிப்போட வேண்டாம். இவற்றுக்காகவும் ஏமாற்று அழைப்பு வருகிறது. இந்த இரண்டு அட்டைகளுக்கும் கட்டணம் கிடையாது; போனில் பணம் கேட்டால் துண்டித்துவிடலாம்.


மீண்டும்: மஸ்கட் மார்த்தாண்டத்துக்காரன்

அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி. குலசேகரம் அக்கா எழுதியதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். வருமான வரம்புக்குள் நாங்கள் வர மாட்டோம்; 70 வயது அட்டையை அப்பாவுக்கு விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. எங்கள் ஊரில் திருவிழாக் கமிட்டியில் அப்பாவோடு இருக்கும் முகவர் ஒருவர், ஸ்டென்ட் வைத்ததை எழுதாதீர்கள், ஐந்து ஆண்டுகள் கழிந்தால் நிறுவனம் எதையும் கேட்க முடியாது என்கிறார். முதலாண்டுப் பிரீமியத்தில் தம் கமிஷனிலிருந்து கொஞ்சம் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். தெரிந்த மனிதர், நல்லவர்தான். இன்னொன்று, விண்ணப்பித்த பிறகு நிறுவனத்தின் மருத்துவர் போன் செய்து விசாரிப்பார் என்றும் ஓ.டி.பி. வரும் என்றும் சொல்கிறார்கள். ஓ.டி.பி.யைச் சொல்லாதே என்று நாமே சொல்லிவிட்டு, இதற்கு மட்டும் சொல் என்றால் அப்பா குழம்பிப்போவார்.


பதில்: கோட்டாறு அண்ணாச்சி

அந்த முகவர் நல்லவராகவே இருக்கட்டும். 60 மாதங்கள் இடைவிடாமல் புதுப்பித்தால், பழைய நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக நிறுவனம் மறுக்க முடியாது என்பது விதிதான். ஆனால் மோசடி நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதும் அதே விதியில் அடுத்த வரியாக இருக்கிறது. ஸ்டென்ட் என்பது மறந்துபோகிற தலைவலியா? பழைய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்கும், தினமும் சாப்பிடும் மாத்திரையின் பெயரே சொல்லிவிடும். ஐந்து ஆண்டுகளுக்குள் நெஞ்சு வலி வந்தால் கிடைக்க வேண்டிய பணமும் போய், பாலிசியும் ரத்தாகும். ஸ்டென்ட், முழங்கால், அம்மாவின் சர்க்கரை எல்லாவற்றையும் எழுதி, 2019ஆம் ஆண்டின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் இணைத்து, நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கமிஷனில் பங்கு தருவது காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி குற்றம். அதை வாங்குவதும் அப்படியே.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. நிறுவனத்தின் மருத்துவர் போன் செய்வது உண்மை. ஆனால் அவர் உங்கள் விண்ணப்ப எண்ணைச் சொல்லித் தொடங்குவார், உடல்நிலையைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டார். பணம், வங்கி, அட்டை, ஆதார் எண் என்ற பேச்சு வந்தால் அவர் மருத்துவர் அல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் சேவைக்காக அழைக்கும் எண்கள் 1600 என்று தொடங்க வேண்டும், விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கிறது. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து யாராவது அதிகாரி என்று பேசினால் அதுவே ஓர் அடையாளம். ஓ.டி.பி. விஷயத்தில், நீங்களே விண்ணப்பத்தைத் திறந்து, நீங்களே அந்தக் கட்டத்தில் இடுவது வேறு. போனில் ஒருவர் கேட்டு வாயால் சொல்வது வேறு. அப்பாவுக்கு அந்த வேறுபாட்டை விளக்குவதைவிட, விண்ணப்பத்தில் தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஓ.டி.பி. உங்களிடமே வரட்டும். அப்பாவுக்கு ஒரே விதி போதும்: வருகிற அழைப்பில் எதையும் முடிக்கக் கூடாது, உண்மையாக இருக்குமோ என்று தோன்றினால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாலிசித் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அவரே அழைக்க வேண்டும். கூப்பிட்டவர் கொடுக்கும் எண்ணுக்கு அல்ல.

பணம் கட்டுவதிலும் ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. 2025 மார்ச் முதல் யு.பி.ஐ. வழியாகத் தொகையை உங்கள் கணக்கிலேயே ஒதுக்கி வைத்து, விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகே எடுக்கும் முறை உண்டு; பீமா அஸ்பா என்பது பெயர். அது இயலாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டுங்கள், அல்லது நிறுவனத்தின் பெயருக்குக் காசோலை கொடுங்கள். திரையில் தனி மனிதர் ஒருவரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் யு.பி.ஐ. பின் எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை.

பாலிசி கைக்கு வந்ததும் அதோடு வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று இருக்கும். காத்திருப்பு, இணைச் செலுத்தல், வரம்புகள் எல்லாம் அதில் இரண்டு மூன்று பக்கத்தில் இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்கலாம். நீங்கள் எழுதிக் கொடுத்த நோய்கள் பாலிசியில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து, சிறு கழிவு போகப் பணத்தைப் பெறலாம். பின்னாளில் தகராறு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை.


மீண்டும்: மஸ்கட் மார்த்தாண்டத்துக்காரன்

அண்ணாச்சி சொன்னபடி திருவனந்தபுரத்து மருத்துவமனைக்கு இன்று போன் செய்தேன். நான் மனத்தில் வைத்திருந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றுக்கு அங்கே பணமில்லாச் சிகிச்சை இல்லை என்றார்கள். அதன் இணையப் பட்டியலில் அந்த மருத்துவமனையின் பெயர் இன்னும் இருக்கிறது. மற்ற நிறுவனத்தில், எல்லா நோயையும் எழுதி, இருவருக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கப் போகிறேன். அப்பாவின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைத் தேடச் சொன்னபோது, கடைக் கணக்கு நோட்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அப்பாதான். அம்மா சமையலறைக் காலண்டரில் 1930 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறாராம். அதன் கீழே என் எண்ணை எழுதியது யார் என்று கேட்டேன். அப்பாவின் கையெழுத்து என்றார்.